சொட்டைக்கும் முடிக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். உலகத்தில் எவ்வளவோ துன்பம் இருக்க, இவன் முடிக்கு அழுகிறானே என்று நினைப்பீர்கள். 21 வயதில் நெற்றியின் இரண்டு ஓரமும் ஏற ஆரம்பித்தது. இப்போது உச்சியிலும் தோல் தெரிகிறது. வெளியே போனால் தொப்பி. வீடியோ அழைப்பில் கேமராவை அணைத்துவிடுகிறேன். நண்பர்கள் படம் எடுத்தால், “நான் எடுக்கிறேன், நீங்கள் நில்லுங்கள்” என்று போனை வாங்கிக்கொள்கிறேன். தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைப் போட்டுப் பார்த்தேன். முன்பைவிட அதிகமாகக் கொட்டியது, பயந்துபோய் இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டேன். மருத்துவர் ஃபினாஸ்டரைடு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன் பாலியல் பக்கவிளைவுகளைப் பற்றிப் படித்த பிறகு அட்டையைப் பிரிக்கவே இல்லை. முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள், ஒரேயடியாக முடிந்துவிடும் என்கிறான் ஒரு நண்பன். சிகிச்சை எடுக்கவா, இப்படியே விட்டுவிடவா? நீங்களும் சொட்டை என்பதால் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

ர.

அன்புள்ள ர.,

தவறாக எண்ணவில்லை. என் தலையில் முப்பது வயதுக்குள்ளேயே பெரும்பகுதி காலி. நான் எந்த மருந்தும் போட்டுக்கொண்டதில்லை. அதனால் ‘விட்டுவிடு’ என்ற பக்கம் என் பேச்சு கொஞ்சம் சாயும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த வெட்கத்தை விடுங்கள். 24 வயதில் முடி போவதும் 55 வயதில் போவதும் ஒன்றல்ல. 55இல் சுற்றியிருப்பவர்களில் பாதிப் பேருக்குப் போயிருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 24இல் கண்ணாடியில் தெரியும் முகம் நாம் நம்முடையது என்று நினைத்து வைத்திருந்த முகமாக இல்லாமல் போகிறது. நம் ஒப்புதல் இல்லாமல் நடக்கிறது, மெதுவாக நடக்கிறது, தினமும் நம் கண் முன்னால் நடக்கிறது. இதற்கு வருத்தப்படுவதை அற்பம் என்று சொல்பவருக்கு அநேகமாக நல்ல முடி இருக்கும்.

கேலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரின் காலூனத்தையோ தோல் நிறத்தையோ நாலு பேர் நடுவே சொல்லிச் சிரிக்க இன்று பலருக்குக் கூச்சம் வந்துவிட்டது. சொட்டையை மட்டும் இன்னும் யாரும் எப்போதும் சொல்லலாம். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும் நண்பனே சொல்வான். நாமும் சேர்ந்து சிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ‘ஒரு ஜோக்கைக் கூடத் தாங்க மாட்டேன் என்கிறாயே’ என்று இரண்டாவது அடி விழும். நெருக்கமானவர்களாக இருந்தால், தனியாக இருக்கும்போது ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள்: “இதில் எனக்கு நிஜமாகவே கஷ்டம் இருக்கிறது, இதை மட்டும் விட்டுவிடு.” நண்பன் என்றால் விட்டுவிடுவான். அதற்குப் பிறகும் தொடர்கிறவனை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிகிச்சை எடுப்பது நல்ல முடிவு. எடுக்காமல் விடுவதும் நல்ல முடிவு. நீங்கள் இப்போது இருக்கும் இடம்தான் மோசம். மருந்தும் போடவில்லை, விடவும் இல்லை. தொப்பி, பிரிக்காத மாத்திரை அட்டை, பாதியில் விட்ட புட்டி, நண்பன் சொன்ன ஆபரேஷன் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கால் வைத்திருக்கிறீர்கள். முடியும் போகிறது, நிம்மதியும் போகிறது.

முடிவெடுக்கச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள வர்ணனை ஆண்களுக்கு வரும் வழக்கமான பரம்பரை வழுக்கைதான் என்று படுகிறது. ஆனால் அதைத் தோல் மருத்துவர் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். ஏனென்றால் முடி வேறு காரணங்களாலும் கொட்டும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்றவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டி, பெரும்பாலும் தானே சரியாகிவிடும். புழுவெட்டு என்று நாம் சொல்வது உடலின் எதிர்ப்புச் சக்தி மயிர்க்காலைத் தாக்குவதால் வட்ட வட்டமாக விழுவது. அது வேறு நோய், வைத்தியமும் வேறு.

பரம்பரை வழுக்கை எப்படி நடக்கிறது என்பது ஓரளவு நன்றாகவே தெரிந்த கதை. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவமடையும் முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு விழுந்தது. அப்புறம்தான் நுணுக்கம் புரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோன் உடலில் ஒரு நொதியால் டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. உச்சியிலும் முன்னாலும் இருக்கும் மயிர்க்கால்கள் சிலருக்குப் பிறவியிலேயே இந்த டிஎச்டிக்குத் தாங்காதவை. முடி வளர்ந்து விழும் ஒவ்வொரு சுற்றிலும் அவை கொஞ்சம் சுருங்குகின்றன, முடி மெலிந்து பூனைமுடியாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. பின்தலையிலும் காதோரத்திலும் உள்ளவை தாங்கிக்கொள்ளும். வயதான பிறகும் அந்த வளையம் மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

ஆகவே ஹெல்மெட், ஷாம்பு, உப்புத் தண்ணீர், இரவு கண்விழிப்பு என்று நீங்கள் உங்கள் மேல் போட்டுக்கொண்டிருக்கும் வழக்குகளை எல்லாம் தள்ளுபடி செய்துவிடலாம். தொப்பியாலும் கொட்டவில்லை. அம்மா வழித் தாத்தாவைப் பார் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, முக்கியமான ஒரு மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் அப்பா வழியிலிருந்தும் ஏராளமான மரபணுக்கள் சேர்கின்றன. இரண்டு பக்கத் தாத்தாக்களையும் மன்னித்துவிடுங்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது. இன்றுள்ள மருந்துகளின் முதல் வேலை இருப்பதைக் காப்பது. மெலிந்த முடியைக் கொஞ்சம் தடிக்க வைக்கலாம், பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் முளைக்க வைப்பது அரிது. காப்பது என்றால் நிறுத்தாமல் காப்பது. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் பழைய பாதைக்கே திரும்பிவிடும். ‘ஒரு கோர்ஸ்’ எடுத்து முடித்துவிடும் மருந்து எதுவும் இதில் கிடையாது. சிகிச்சை எடுப்பதா என்ற கேள்வியின் உண்மையான பொருள், பல வருடம் தினமும் இதைச் செய்ய எனக்கு விருப்பமா என்பதுதான்.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. உங்களைப் பயமுறுத்திய அந்த அதிகக் கொட்டல் இந்த மருந்தில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களை அது வளரும் சுற்றுக்குத் தள்ளுகிறது. அப்போது அங்கே ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்த பழைய முடி கழன்று விழும். சில வாரங்களில் அடங்கும். பலன் தெரியவே நான்கு முதல் ஆறு மாதம், சரியாக மதிப்பிட ஒரு வருடம். நீங்கள் கொட்டலை முழுக்க அனுபவித்துவிட்டு, அதற்கான பலன் வரும் முன் நிறுத்திவிட்டீர்கள். எழுதிக் கொடுக்கும்போதே இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம், பல இடங்களில் சொல்வதில்லை.

ஃபினாஸ்டரைடு இன்னும் சிக்கலானது, அதனால் நீட்டிச் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டியாக மாற்றும் நொதியைப் பிறவியிலேயே பெறாத சிலர் டொமினிக்கன் குடியரசில் ஒரு ஊரில் இருந்தார்கள். 1974இல் அவர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டரைடு 1992இல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் வந்தது. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. தொடக்க ஆய்வுகளில் இரண்டு ஆண்டு முடிவில் உச்சி முடியின் எண்ணிக்கை குறையாமல் இருந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம்.

நீங்கள் பயப்படும் பாலியல் பக்கவிளைவுகள் அதே ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் வந்தன. பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கற்பனைக்காரர்கள் என்று தள்ளுவது எனக்குப் பிடிக்காது, மருந்தின் எச்சரிக்கைத் தாளிலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது. தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதையும் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் உறுதிப்படுத்தியது. அதே சமயம் இன்னொன்றும் உண்டு. 2007இல் வந்த ஓர் ஆய்வில் பிராஸ்டேட் நோயாளிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்தார்கள். பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேர் அப்படி ஒரு தொல்லையைச் சொன்னார்கள். சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். பயமும் ஒரு மருந்து மாதிரியே வேலை செய்கிறது.

இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? உங்களுக்கு முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால், அல்லது இப்போதே இருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால் (கேமராவை அணைத்துவிட்டு உட்காருவதைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது), மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது இல்லையென்றால், ஆபத்து சிறிது, பலன் உண்டு, என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்கலாம். இந்த அளவு ஆபத்தைக்கூட முடிக்காக ஏற்க மனமில்லை என்றால் அதுவும் நியாயமே, அதற்காகக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மினாக்ஸிடிலோடு நிற்கலாம். ஆனால் அந்த மாத்திரை அட்டையை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு தினமும் திறந்து பார்க்காதீர்கள்.

உங்கள் நண்பனின் யோசனையை மட்டும் இப்போதைக்கு நான் உறுதியாக மறுப்பேன். அறுவை சிகிச்சை புதிய முடியை உண்டாக்குவதில்லை, பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் நடுகிறது. அது குட்டைப் போர்வை, தலைக்கு இழுத்தால் கால் வெளியே வரும். 24 வயதில் உங்கள் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்று நெற்றியில் அழகாக நட்டுவிட்டால், நட்ட முடி நிற்கும், அதன் பின்னால் இருப்பது தொடர்ந்து கொட்டும். பத்து வருடத்தில் முன்னால் ஒரு வரிசை, நடுவில் வெட்டவெளி. அதை மூட மறுபடி எடுக்கப் பின்தலையில் போதிய இருப்பு இருக்காது. கொட்டுவது மருந்தில் நின்று சில வருடம் ஆன பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் இது. உங்கள் வயதைக் கேட்டதும் ‘அடுத்த வாரமே செய்துவிடலாம்’ என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றவை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உடலில் பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் மாத்திரை முடியை வளர்க்காது, தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவைக் குழப்பத்தான் செய்யும். ரத்தத்தை எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் பிஆர்பியில் சிலருக்குப் பலன் தெரிகிறது, சான்றுகள் ஒரே மாதிரி இல்லை. எண்ணெய் தேய்த்தால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

மருந்து என்று முடிவெடுத்தால் ஒரு தேதி குறியுங்கள், ஒரு வருடம் தள்ளி. அதுவரை முடியை எண்ணாதீர்கள். ஆரோக்கியமான தலையிலிருந்தே தினம் 50 முதல் 100 முடி விழும், குளியலறையில் உட்கார்ந்து எண்ணுபவனுக்கு எப்போதும் பேரிழப்பாகத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நடுவில் பார்க்க வேண்டாம். ஒரு வருடம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரோடு பேசுங்கள்.

விடுவது என்று முடிவெடுத்தாலும் அரைகுறையாக விடாதீர்கள். நீளமாக வளர்த்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துச் சீவினால் ஒளிக்க நினைப்பதுதான் முதலில் கண்ணில் படும். டிரிம்மரைக் குறைந்த அளவில் வைத்துத் தலை முழுக்க ஒரே மட்டமாக வெட்டிவிடுங்கள். சுற்றியுள்ள முடி குறையும்போது வெற்றிடமும் குறைந்து தெரியும். முதல் வாரம் எல்லோரும் கேட்பார்கள், இரண்டாவது வாரம் நீங்கள் இப்படித்தான் என்று அவர்களுக்குப் பழகிவிடும். பிடிக்கவில்லையா, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். மருந்து போடுபவர்களும் இப்படி வெட்டிக்கொள்ளலாம், தடவுவதும் சுலபம்.

எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு வருடத்துக்குக் கேமராவை அணைக்காமல் இருங்கள், படத்தில் நில்லுங்கள். முடி திரும்பிய பிறகு செய்துகொள்ளலாம் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் காரியங்களில் முடி தேவைப்படுவது எது என்று எனக்குத் தெரியவில்லை. மாதக் கணக்கில் முயன்றும் அது முடியவில்லை, வெளியே போகவே மனம் வரவில்லை என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். தோல் மருத்துவரிடம் போனது போலத்தான் அதுவும்.

அன்புடன்.

பி.கு.: மினாக்ஸிடிலை மீண்டும் தொடங்குவதாக இருந்தால், வீட்டில் பூனை இருக்கிறதா என்று பாருங்கள். பூனைகளுக்கு அது சிறிதளவு பட்டாலே உயிரைப் பறிக்கக்கூடிய விஷம். தடவியதும் கையைக் கழுவுங்கள், தலையணை உறையை எட்டாமல் வையுங்கள், சிந்தியதைத் துடைத்துவிடுங்கள்.