வாசகர் கேள்வி: விபத்துக்குப் பின் அவர் எங்கே வளர்ந்தார்?

கேள்வி: என் பாட்டியின் ஒன்றுவிட்ட தங்கை ஒன்பது வயதில் பெற்றோர் இருவரையும் ஒரே விபத்தில் இழந்தவர். பிறகு எப்படிப் பிழைத்து வந்தார் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. எங்கிருந்து தேடுவது?

பதில்: பெற்றோரின் இறப்புப் பதிவிலிருந்து. பலரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ‘தகவல் தந்தவர்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அந்த வாரம் பக்கத்தில் நின்ற உறவினரின் பெயர் அங்கே இருக்கக்கூடும்.

அடுத்தது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பாதுகாவலர் பெயரையும் முகவரியையும் ஆண்டுவாரியாக எழுதி வையுங்கள். ஐந்தாண்டில் மூன்று பெயர் மாறியிருந்தால், பிள்ளை வீடு வீடாக மாறியதன் தடயம் அது. சொத்து இருந்திருந்தால் நீதிமன்றத்தில் பாதுகாவலர் மனுவும் இருக்கலாம். வளர்ப்புச் செலவுக் கணக்கு வரை அதில் கிடைப்பதுண்டு.

பழைய செய்தித்தாளில் விபத்து நாளோடு நிறுத்தாதீர்கள். அடுத்த சில வாரங்களில் விசாரணை, நிவாரண நிதி பற்றிய செய்திகள் வரும். பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் தெரு, ஊர்ப் பெயரால் தேடுங்கள். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது ஆட்களின் பெயர்கள் எளிதில் சிதையும்.

தடம் வழக்கமாக அறுபடுவது திருமணத்தில், பெயர் மாறுவதால். திருமணப் பதிவின் சாட்சிகளைப் பாதுகாவலர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாயிருப்பது மட்டும் போதாது. தந்தை பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றும் பொருந்த வேண்டும். வயதில் ஓரிரு ஆண்டு பிசகுவது சகஜம்.

அவருடைய பிள்ளைகள் கிடைத்தால் எடுத்ததும் விபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். “அம்மா யாரிடம் சமையல் கற்றுக்கொண்டார்?” என்று கேட்டுப் பாருங்கள். வளர்த்தவர் பெயர் தானாக வரும்.