ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா ஒழுங்காகப் பறக்கிறது. போயிங் 737 மட்டும் ஏன் தள்ளாடுகிறது?

கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: எக்ஸ்-ப்ளேன் என்ற சிமுலேட்டர் மென்பொருளில் சிறிய செஸ்னா 172 ஓட்டும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. அதே ஜாய்ஸ்டிக்கில் 737-800 எடுத்தால், தரையை விட்டுக் கிளம்பியதுமே மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. அமுக்கினால் குப்புற விழப் பார்க்கிறது. இறங்கும்போது தொட்டில் மாதிரி இடமும் வலமும் ஆடுகிறது. மென்பொருளை இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் சரியாகவில்லை.

மூன்றாவது முறை ஏற்ற வேண்டாம். எட்டு வருடமாக வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். இந்தத் தள்ளாட்டம் அப்படிச் சரியாகி நான் பார்த்ததில்லை. முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விமானத்தை ஆட்டுவது யார்? உங்கள் கையா, ஜாய்ஸ்டிக்கா, விமானமேவா? அதற்குக் கையை எடுத்துவிட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது.

காற்றே இல்லாத தெளிந்த வானத்தைத் தேர்ந்தெடுங்கள். 10,000 அடி உயரம், 250 நாட் (விமான வேகத்தின் அளவு) வேகம், ஃப்ளாப்ஸும் (இறக்கையிலிருந்து நீளும் மடிப்புப் பலகைகள்) சக்கரமும் உள்ளே. ஆட்டோபைலட்டைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் நேராகப் போகவிட்டால் ட்ரிம்மை, அதாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்காமலேயே மூக்கு நிலையாக நிற்கச் செய்யும் அமைப்பை, அதுவே சரிசெய்து வைத்துவிடும். பிறகு ஆட்டோபைலட், என்ஜின் விசையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ராட்டில் இரண்டையும் அணைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள்.

மூக்கு மெல்லத் தாழ்ந்து, வேகம் கூடி, தானே நிமிர்ந்து, வேகம் குறைந்து, மறுபடி தாழ்கிறதா? ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறதா? அப்படியானால் கோளாறு எதுவும் இல்லை. உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் இந்த அலை நிஜ விமானத்திலும் உண்டு. ஃப்யூகாய்டு என்பார்கள்; 1908-இல் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் வைத்த பெயர். இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் விழும் காற்றின் விசையை எக்ஸ்-ப்ளேன் கணக்கிடுகிறது. அதனால் இந்த அலையும் தானாகவே அதில் வந்துவிடுகிறது. செய்யக் கூடாதது, இதை ஜாய்ஸ்டிக்கால் துரத்துவது. மூக்கை ஒரு கோணத்தில் பிடித்து நிறுத்தினாலே அலை அடங்கிவிடும்.

கையை எடுத்த பிறகும் வெடுக் வெடுக்கென்று துடித்தால் அது வேறு. அப்போது ஜாய்ஸ்டிக் செட்டிங்ஸைத் திறந்து, யாரும் தொடாதபோது ஆக்ஸிஸ் பட்டைகள் (ஒவ்வொரு திசை அசைவையும் காட்டும் கோடுகள்) அசைகின்றனவா என்று பாருங்கள். விலை குறைந்த பல ஜாய்ஸ்டிக்குகளில் உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே பொருள். தூசி ஏறினால் ரேடியோ கரகரப்பது போல இதுவும் தப்பான சிக்னலை அனுப்பும். நடுவில் கொஞ்சம் டெட்சோன், அதாவது அசைவைக் கண்டுகொள்ளாத இடம், வைத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். காந்தத்தால் அசைவை அறியும் ஹால் சென்சார் உள்ள ஜாய்ஸ்டிக்கில் இந்தத் தேய்மானம் வராது, ஏனென்றால் அதில் உரசும் பாகமே இல்லை.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் என் 737 விடாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது. எடையை மாற்றினேன், விமானத்தை மாற்றினேன், கேலிபரேஷன் எத்தனை முறை செய்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யுஎஸ்பி ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனபோது, ஒன்று மேசைக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் போனது. அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது விளையாடிய கேம்பேட். குப்புறக் கிடந்தது, அதன் இடது குச்சி ஒரு நோட்டுப் புத்தக விளிம்பில் சாய்ந்து அழுந்தியிருந்தது. மூக்கை ஏற்றி இறக்கும் வேலை ஜாய்ஸ்டிக்குக்கும் அதற்கும் சேர்த்தே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒயரைப் பிடுங்கியதும் மூக்கு படிந்தது. ஆகவே மேசையில் இருப்பதை மட்டும் பார்க்காமல், செருகியிருக்கும் எல்லாக் கருவிகளின் பட்டியலையும் செட்டிங்ஸில் திறந்து பாருங்கள். பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது), யா (மூக்கு இடம் வலம் திரும்புவது) ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆக்ஸிஸ்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்கள் ஜாய்ஸ்டிக் நல்ல நிலையில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. செஸ்னா ஒழுங்காகப் பறக்கிறதே. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. கிளம்பியதும் மூக்கு தூக்குவது ட்ரிம். இறங்கும்போது ஆடுவது கை.

737-இன் என்ஜின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குகின்றன. த்ராட்டிலை ஏற்றினால் அந்தத் தள்ளுவிசை மூக்கை மேலே தூக்கும். இறக்கினால் மூக்கு தாழும். கிளம்பிய முதல் சில நிமிடங்களில் என்ஜின் விசை குறைகிறது, சக்கரம் உள்ளே போகிறது, ஃப்ளாப்ஸ் படிப்படியாக மடங்குகிறது, வேகம் 150-இலிருந்து 250 நாட்டுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் சமநிலையை மாற்றும். ஒவ்வொன்றுக்கும் ட்ரிம் வேண்டும். செஸ்னாவில் இதைக் கையாலேயே தாங்கிக்கொண்டு போய்விடலாம், இதில் முடியாது. 737-இல் ட்ரிம் என்றால் வாலின் கிடைமட்ட இறக்கை முழுவதுமே திரும்புகிறது. விமானிகளின் முழங்காலுக்குப் பக்கத்தில், த்ராட்டிலுக்கு இருபுறமும் கருப்பாக இரண்டு சக்கரங்கள் கடகடவென்று சுற்றுமே, அது இதன் ஓட்டம்தான். கிளம்பும் முன் அதன் முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுக் கிளம்பினாலே நீங்கள் சொல்லும் கூத்து நடக்கும்.

ட்ரிம் ஒரு சுமைதாங்கிக் கல். வழி திருப்ப அது உதவாது, தலைச்சுமையை இறக்கிவைக்கத்தான். முதலில் ஜாய்ஸ்டிக்கால் மூக்கை வேண்டிய கோணத்தில் பிடியுங்கள். வேகம் நிலைக்கட்டும். பிறகு ட்ரிம் பட்டனைச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். நிஜ விமானத்தில் ட்ரிம் ஆக ஆகக் கையில் இருக்கும் பாரம் குறைவது விமானிக்குத் தெரியும். நம் ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கும். பாரம் குறைந்ததைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்களேதான் நடுவுக்கு விட வேண்டும். மூக்கு அசையாமல் கை நடுவுக்கு வந்துவிட்டால் ட்ரிம் முடிந்தது. ஒரு மாலை முழுக்க இதை மட்டும் பழகுங்கள்: 250 நாட், 210, 180, மறுபடி 250.

அடுத்தது அந்தத் தொட்டில் ஆட்டம். செஸ்னா ஒரு டன் சொச்சம். 737-800 இறங்கும்போதே 60 டன் இருக்கும். ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் அது உடனே சாயாது. பொறுக்காமல் இன்னும் சாய்ப்போம். இரண்டும் சேர்ந்து வந்துசேரும்போது அளவுக்கு மேல் போயிருக்கும். பதறி எதிர்ப்பக்கம் சாய்ப்போம். விமானியே உண்டாக்கும் இந்த அலைவு வல்லவர்களையும் விட்டதில்லை. 1977 அக்டோபர் 26 அன்று, கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எண்டர்பிரைஸ் விண்ணோடத்தை இறக்கியவர் அப்போலோ 13-இல் போய்வந்த ஃப்ரெட் ஹெய்ஸ். ரன்வேயைத் தொடும் நேரத்தில் அது மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆடி, தரையில் பட்டு எழும்பியது. அவர் பிடியைத் தளர்த்தியதும் அடங்கி ஒழுங்காக இறங்கியது. கையசைவுக்கும் விண்ணோடம் அசைவதற்கும் நடுவில் இருந்த தாமதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் கேட்கிறேன்: மானிட்டருக்குப் பதில் டிவியைப் பயன்படுத்துகிறீர்களா? படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி ஒவ்வொரு காட்சியையும் சற்றுத் தாமதமாகவே காட்டும். கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கையையும் பாருங்கள். 20-க்குக் கீழே போனால் எக்ஸ்-ப்ளேன் நேரத்தையே மெதுவாக ஓடவிடும், அப்போது கை கணக்கு எல்லாம் தப்பும். கிராஃபிக்ஸைக் குறைத்து 30-க்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். மேகத்தின் அழகு பிறகு.

கைக்கான பழக்கம் ஒன்றே ஒன்று. லேசாக ஒரு தள்ளு, உடனே நடு, பிறகு இரண்டு வினாடி காத்திருப்பு. போதாவிட்டால் இன்னொரு தள்ளு. பிட்ச், ரோல் இரண்டின் ரெஸ்பான்ஸ் கர்வையும் (கையசைவுக்கு விமானம் எவ்வளவு அசையும் என்ற வளைகோடு) நடுவில் மென்மையாக இருக்கும்படி வளைத்துக்கொள்ளலாம். விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி ஆக்மென்டேஷன் ஸ்லைடர்களைப் பூஜ்ஜியத்தில் விடுங்கள். அவை நோயை மறைக்கும்.

விமானம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் இரு இறக்கை டேங்க்களின் எரிபொருளைப் பாருங்கள். நிஜ 737-இல் வித்தியாசம் 453 கிலோவைத் தாண்டினாலே எச்சரிக்கை வரும். எடை, எரிபொருள் திரையில் ஈர்ப்பு மையம் பின்னால் தள்ளிப் போயிருந்தாலும் மூக்கு நிலைகொள்ளாது. இயல்பான இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஆட்டோபைலட்டில் மட்டும் ஆடினால் சிமுலேட்டரின் நேரத்தை 4 மடங்கு வேகமாக ஓடவிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நாளைக்கு ஏர்பஸ் ஏ320-க்கு மாறினால் மேலே சொன்ன ட்ரிம் பாடம் பொருந்தாது. பறக்கும்போது அது தானே ட்ரிம் செய்துகொள்ளும்.

இறங்குவதற்கு இந்த எண்களை மேசையில் எழுதி ஒட்டுங்கள்: 60 டன், ஃப்ளாப்ஸ் 30, சக்கரம் வெளியே, வேகம் 145 நாட் அளவில், மூக்கு இரண்டரை டிகிரி மேலே, என்1 (என்ஜின் முன்விசிறியின் சுழல் வேகம்) சுமார் 55 சதவீதம். ரன்வேக்குப் பத்து மைல் முன்பே இப்படி வைத்து, ட்ரிம் செய்து, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை வினாடி, எந்த ஆக்ஸிஸ் பட்டை அசைந்தது, இந்த இரண்டை மட்டும் எனக்கு எழுதுங்கள். மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.