கலவரச் சட்டத்தை வாசித்தது யார்?

கேள்வி: ‘பணிகள் தாமதம்: அதிகாரிகளுக்குக் கலவரச் சட்டத்தை வாசித்தார் அமைச்சர்’ என்று ஓர் இணையச் செய்தியில் தலைப்பு. ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி வரும் ‘ரீட் த ரயட் ஆக்ட்’ என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று புரிகிறது. உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருந்ததா? அதை யாராவது நின்று வாசித்தார்களா? ‘திட்டினார்’ என்று எழுதிவிட்டுப் போனால் என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருந்தது. வாசித்தார்கள். வாசித்த பிறகு கூட்டத்தின் மீது சுட்டும் இருக்கிறார்கள். அந்தத் தலைப்பை எழுதியவருக்கு இந்த மூன்றில் ஒன்று தெரிந்திருந்தாலும் அப்படி எழுதியிருக்க மாட்டார். ‘திட்டினார்’ என்பதும் போதாது. ஏன் போதாது என்று சொல்ல, சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1714இல் பிரிட்டனின் ராணி ஆன் இறந்ததும், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். அவரை ஏற்காதவர்கள் ஏராளம். முடிசூட்டு நாளன்றே பல ஊர்களில் கலகம். அடுத்த ஆண்டு, அரச திருச்சபையைச் சேராத புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டுக் கூடங்களைக் கும்பல்கள் இடித்துத் தள்ளின. இந்தப் பதற்றத்தில்தான் நாடாளுமன்றம் கலவரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1715 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. நாடாளுமன்றக் கணக்கு வழக்கப்படி ஏடுகளில் ‘1714ஆம் ஆண்டுச் சட்டம்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

கலகம் அதற்கு முன்பும் குற்றம்தான், ஆனால் உயிரைப் பறிக்கும் குற்றம் அல்ல. புதிய சட்டம் அதை மாற்றியது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடிக் குழப்பம் விளைவித்தால், கலைந்து போகும்படி அறிவிப்பு வாசிக்க வேண்டும். வாசித்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் அங்கேயே பன்னிரண்டு பேர் சேர்ந்து நின்றால் மரண தண்டனை. முதல் குற்றத்துக்குத் தூக்கிலிருந்து தப்ப ‘மதகுருச் சலுகை’ என்று அந்நாளில் ஒரு வழி இருந்தது. அதையும் இந்தச் சட்டம் அடைத்தது. தேவாலயத்தையோ வீட்டையோ களஞ்சியத்தையோ இடிக்கத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் கிடையாது.

கூட்டத்தின் முன்னால் முழுச் சட்டத்தையும் வாசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முழுச் சட்டமும் காலாண்டு நீதிமன்ற அமர்வுகளில், குற்றம் எதுவும் நடக்காத நாளிலும், மக்கள் அறிவதற்காக வாசிக்கப்பட்டது. தெருவில் வாசித்தது, சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்த ஒரு சிறு அறிவிப்பை மட்டும். ஆங்கிலத்தில் ஐம்பது சொற்களுக்குச் சற்றே மேல். நிதானமாக வாசித்தாலும் அரை நிமிடம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘இங்கே கூடியிருக்கும் அனைவரும் உடனே கலைந்து, அமைதியாகத் தத்தம் வீடுகளுக்கோ நேர்மையான தொழிலுக்கோ செல்ல வேண்டுமென நம் மன்னர் ஆணையிடுகிறார், தவறினால், கலகங்களையும் குழப்பக் கூட்டங்களையும் தடுக்க ஜார்ஜ் மன்னரின் முதலாம் ஆட்சியாண்டில் இயற்றப்பட்ட சட்டத்தில் கண்ட தண்டனைக்கு உள்ளாவீர்கள். கடவுள் மன்னரைக் காப்பாராக.’

யார் வேண்டுமானாலும் இதை வாசித்துவிட முடியாது. அமைதி நீதிபதி, ஷெரீப், துணை ஷெரீப், மேயர் போன்ற ஊர்த்தலைமை அதிகாரி என்று பட்டியல் உண்டு. அவர் கூட்டத்துக்குள்ளேயே வர வேண்டும். முடியாவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு எவ்வளவு கிட்டே வர முடியுமோ அவ்வளவு வர வேண்டும். முதலில் உரத்த குரலில் ‘அமைதி’ என்று ஆணையிட வேண்டும். அதன் பிறகு, மறுபடி உரத்த குரலில், அறிவிப்பை வாசிக்க வேண்டும். அவரை வாசிக்க விடாமல் வலுவந்தமாகத் தடுத்தவருக்கும் மரண தண்டனைதான். வாசிப்பவரைத் தடுத்தால் தடுத்தவர்களுக்குச் சாதகம் என்று யாரும் கணக்குப் போடாதிருக்க, தடுக்கப்பட்டது தெரிந்தே கூட்டம் நின்றால் வாசித்ததாகவே கொள்ளப்படும் என்றும் எழுதினார்கள்.

சொற்கள் துல்லியமாக இருந்தாக வேண்டும். 1830இல் ஒரு வழக்கில், வாசித்தவர் ‘கடவுள் மன்னரைக் காப்பாராக’ என்ற கடைசி வரியை விட்டுவிட்டார். அறிவிப்பே செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. உயிர் போகும் குற்றம் அந்த அரை நிமிடத்தைப் பொறுத்திருக்கும்போது நீதிமன்றம் அவ்வளவு கண்டிப்பாக இருந்தது நியாயம்தான்.

இப்போது உண்மையான கடுமைக்கு வருவோம். அது வாசிப்பில் இல்லை. ஒரு மணி நேரம் கழிந்த பின் கூட்டத்தைக் கலைக்கும்போது யாராவது செத்தாலோ ஊனமானாலோ காயப்பட்டாலோ, கலைத்தவர்கள் மீது வழக்கில்லை என்று இன்னொரு பிரிவு சொன்னது. சுடுகிறவருக்கு முன்கூட்டியே மன்னிப்பு. மரபுத்தொடரை ‘திட்டுதல்’ என்று மட்டும் அறிந்தவர்களின் கண்ணில் படாமலே போய்விட்டது இந்தப் பிரிவுதான். கும்பல் இடித்த கட்டடத்துக்கு அந்த வட்டாரத்து மக்கள் சேர்ந்து நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்ற பிரிவும் இருந்தது. இடித்தவர் யார், வீட்டுக்குள் கதவடைத்துக் கிடந்தவர் யார் என்ற வேறுபாடு அதில் இல்லை.

நடைமுறையில் சிக்கல் வந்தது அந்த ஒரு மணி நேரத்தால். சட்டத்தில் எங்கும் ‘ஒரு மணி நேரத்துக்குள் படை எதுவும் செய்யக்கூடாது’ என்று இல்லை. மரண தண்டனைக் குற்றம் எப்போது முழுமையாகிறது என்பதற்கான கணக்குதான் அது. ஆனால் அதிகாரிகளும் படைவீரர்களும் தடை என்றே புரிந்துகொண்டார்கள். மக்களோ பாதுகாப்பு என்று புரிந்துகொண்டார்கள். 1780 ஜூனில் லண்டனில் ஜார்ஜ் கார்டன் பிரபு தொடங்கிவைத்த கத்தோலிக்க எதிர்ப்புக் கலவரத்தில் இந்தக் குழப்பம் ஊரையே எரித்தது. நீதிபதிகள் பயந்து வாசிக்க வரவில்லை. அவர்கள் வராததால் படைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. நியூகேட் சிறை கொளுத்தப்பட்டது. கடைசியில் மன்னரே ஆலோசனைக் குழுவைக் கூட்டினார். பெருங்குற்றம் கண்ணெதிரே நடக்கும்போது வாசிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றார் அட்டர்னி ஜெனரல் வெட்டர்பர்ன். படை இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வாசிக்கத் தவறியதற்காக லண்டன் மேயர் பிராக்லி கென்னட் மீது பின்னர் வழக்கு நடந்து, அவர் குற்றவாளி என ஜூரி சொன்னது.

அதற்கு நேர் எதிர் 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் மைதானத்தில் நடந்தது; பீட்டர்லூ என்று பின்னர் பெயர் பெற்ற படுகொலை அது. வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டு, குடும்பம் குடும்பமாக ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அமைதியாகக் கூடியிருந்தார்கள். மைதானத்தைப் பார்த்த ஒரு வீட்டின் சன்னலிலிருந்து எதெல்ஸ்டன் என்ற பாதிரியார்-நீதிபதி அறிவிப்பை வாசித்ததாக அதிகாரிகள் சாதித்தார்கள். அறுபதாயிரம் பேர் கூடிய இடத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், சன்னலிலிருந்து ஒரு மனிதர் வாசித்தது எத்தனை பேர் காதில் விழும்? கேட்கவே இல்லை என்று கூட்டத்தில் இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரு மணி நேரம் காத்திருக்கவும் இல்லை. குதிரைப்படை வாளோடு புகுந்தது. 18 பேர் உயிரிழந்ததாக இன்று கணக்கிடுகிறார்கள். காயம்பட்டவர்கள் பல நூறு. வாசித்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் வாசித்தால் அந்தச் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1837இல் மரண தண்டனை நீக்கப்பட்டு, ஆயுள் முழுதும் நாடுகடத்தல் வந்தது. வாசிப்பது அரிதாகியது. 1919 ஆகஸ்டில் லிவர்பூல் வட்டாரத்தில் போலீஸார் வேலைநிறுத்தம் செய்து கடைகள் சூறையாடப்பட்டபோது வாசித்தார்கள். இங்கிலாந்தில் கடைசியாக வாசித்த தருணங்களில் அதுவும் ஒன்று. 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டத்தின் பிடி போனது. 1973இல் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டது.

‘ரீட் த ரயட் ஆக்ட்’ என்ற தொடர் மட்டும் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது. சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அது வீட்டுக்குள் வந்துவிட்டது. சத்தம் போடும் பிள்ளைகளை அம்மா அதட்டுவதைச் சொல்ல அது பயன்பட்டது. அப்போது கேட்டவருக்கு அசல் தெரியும் என்பதால் அது மிகைப்படுத்திச் சொல்லும் சிரிப்பு. இன்று அசல் மறந்துபோய், சிரிப்பும் போய், வெறும் கடுமை மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகையாளர்களே எந்தக் கண்டனத்துக்கும் இதைத் தூக்கிப் போடுகிறார்கள்.

ஆனாலும் கவனமாக எழுதும் ஆங்கிலத்தில் அசலின் எலும்புக்கூடு இன்னும் இருக்கிறது. சொல்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். ஊழியர் முதலாளிக்கு இதை ‘வாசிக்க’ முடியாது. தவறு இன்னும் நடந்துகொண்டிருக்க வேண்டும். போன வருடம் முடிந்துபோன ஊழலுக்காகத் திட்டுவது இதில் சேராது. ‘நிறுத்து, இல்லாவிட்டால்’ என்ற இரண்டாம் பாதி, சொல்லியோ சொல்லாமலோ, கூடவே வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு தொடரைத் தேடுவது நல்லது. ‘ரீட்’ என்ற வினைக்கு இறந்த காலத்தில் எழுத்து மாறாது, உச்சரிப்பு மட்டும் ‘ரெட்’ என்றாகும். மேடையில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பலர் இங்கேதான் தடுக்குகிறார்கள். ‘ரன் ரயட்’ என்பதை இதோடு சேர்க்க வேண்டாம்; துரத்த வேண்டிய விலங்கை விட்டுவிட்டு வேறொன்றின் மோப்பத்தில் ஓடும் வேட்டை நாய்களிடமிருந்து வந்தது அது.

நம் நாட்டில் இதற்கு உறவு உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். உண்டு; வெள்ளையர் எழுதிய தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் இதே மரபில் வந்தவை. இங்கே பன்னிரண்டு பேர் வேண்டாம், ஐந்து பேர் போதும். கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு மட்டுமல்ல, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148 முதல் 151 வரை ஆகியிருக்கின்றன. கலைந்து போகச் சொன்ன பிறகும் சட்டவிரோதக் கூட்டத்தில் தெரிந்தே நீடித்தால் இரண்டாண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிக்குப் பாதுகாப்பு. அரசின் அனுமதியில்லாமல் அவர் மீது வழக்குத் தொடர முடியாது. இத்தனையும் இருக்கிறது. வாசிக்க வேண்டிய வாசகமும் காத்திருக்க வேண்டிய ஒரு மணி நேரமும் மட்டும் அந்தப் பிரிவுகளில் இல்லை. கூட்டம் கேட்கும்படி எச்சரித்தார்களா, கலைந்து செல்ல நேரம் கொடுத்தார்களா என்ற கேள்வி ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் விசாரணையில் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1715இன் கொடூரமான சட்டம்கூடக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னது.

தலைப்புக்கு வருவோம். ‘கலவரச் சட்டத்தை வாசித்தார்’ என்று தமிழில் எழுதினால் படிப்பவர், அமைச்சர் ஏதோ சட்டப் புத்தகத்தைப் புரட்டினார் என்றோ, எங்கோ கலவரம் என்றோதான் நினைப்பார். ‘வெளுத்து வாங்கினார்’ என்றால் கோபம் வரும், எச்சரிக்கை வராது. தமிழில் இதற்கு நல்ல சொல் நாள்தோறும் புழங்குகிறது: கெடு. நேரம் குறித்து, அதற்குள் செய்யாவிட்டால் விளைவு உண்டு என்று அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதுதான் கெடு. அமைச்சர் தேதி குறித்திருந்தால் ‘அதிகாரிகளுக்குக் கெடு விதித்தார்’. தேதி இல்லாமல், இனியும் தாமதித்தால் நடவடிக்கை என்று மட்டும் சொல்லியிருந்தால் ‘கடுமையாக எச்சரித்தார்’. இரண்டும் இல்லாமல் கத்திவிட்டு மட்டும் போயிருந்தால், நீங்கள் சொன்ன ‘திட்டினார்’ சரி. அப்போது ஆங்கிலச் செய்தியில் அந்தத் தொடரைப் போட்டதே தவறு.