அண்ணாச்சி கடையா, ஆப்பா?

கேள்வி: பத்து நிமிஷத்துல ஆப்ல எல்லாம் வீட்டுக்கே வந்துடுது, இன்னும் எதுக்கு சார் தெருமுனை மளிகைக்கடை? – வாசகி, தாம்பரம்

பதில்: ஆப் வேணாம்னு சொல்லலம்மா, நானும் வாங்குறவன்தான். ஆனா 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்களே, அப்புறம் ரெண்டு வாரம் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சதே அண்ணாச்சியோட கணக்கு நோட்டாலதான், ஏடிஎம் க்யூல நின்னு காசு எடுத்ததும் கொண்டுபோய் கட்டினேன். அம்பது கிராம் கடுகு கேட்டாலும் பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாரு, "இந்தத் துவரம்பருப்பு சரியா வேகல, அடுத்த மூட்டை வரட்டும்"னு அவரே தடுப்பாரு. சாமான் கொண்டு வர்ற பையனும் நம்ம தெருதான், அவன் சம்பளம் பக்கத்து டீக்கடைக்கும் டெய்லர் கடைக்கும்தான் போகுது. விலை சிலதுல ரெண்டு ரூபா கூடத்தான், மறுக்கல. என்ன, மீதி சில்லறைக்கு மட்டும் மிட்டாய நீட்டுவாரு!