குடித்த தண்ணீர் அப்படியே சிறுநீராகிவிடுகிறதா?

‘குடிக்கும் தண்ணீரில் மிஞ்சுவதுதான் சிறுநீரா, இல்லை சிறுநீரகம் அதைத் தயாரிக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தயாரிக்கத்தான் செய்கிறது, அதுவும் ரத்தத்திலிருந்து.

அப்பாவுக்கு வெகு நாளாகச் சர்க்கரை நோய். நாலு வருடம் முன்பு அவருடைய சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் ‘ஆல்புமின்’ என்று வந்தது. அது ரத்தத்திலுள்ள ஒரு புரதம், பேச்சுவழக்கில்தான் ‘உப்பு’. ‘ஒன்னுக்குல உப்பு போகுதாம்’ என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிக் கலங்கினார். அப்போதுதான் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி சிறுநீரகம் கழிவை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது செய்வது போகிக்கு வீடு ஒழிக்கிற வேலை. சாமான் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மறுபடி உள்ளே எடுத்து வைக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரைத் தயாரிக்கும் நுண்குழாய்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நூல்கண்டு போல நுண்ணிய ரத்தக் குழாய்கள். அதன் பெயர் குளோமருலஸ். உள்ளே வரும் குழாயைவிட வெளியே போகும் குழாய் ஒடுக்கமானது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா என்ற கழிவு எல்லாம் அந்தக் கண்டின் சுவரான சல்லடை வழியாக இறங்குகின்றன. ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற புரதங்களும் ரத்தத்திலேயே தங்கிவிட வேண்டும். பல வருடச் சர்க்கரையில் இந்தச் சல்லடை பழுதாகும்போதுதான் ஆல்புமின் கசிகிறது. ஆரம்பத்தில் வலி, வீக்கம் எதுவும் தெரியாது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் வருடம் ஒரு தடவையாவது சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

சரி, எவ்வளவு இறங்குகிறது? நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி. ஒரு நாளைக்கு 180 லிட்டர், அதாவது வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் கேனில் ஒன்பது! உடம்பிலுள்ள ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் நீர்மம் 3 லிட்டர்தான். அதுவே ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது.

ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர் போல. மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. சல்லடைக்கு அடுத்த சுருண்ட குழாயிலேயே தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். சர்க்கரை முழுவதும் திரும்பிவிடும். அப்புறம் வருவது ஹென்லே வளைவு. அதன் ஏறுமுகப் பகுதி உப்பை மட்டும் வெளியே இறைத்து, சிறுநீரகத்தின் உட்பகுதியை உப்புக்கரிக்க வைத்துவிடுகிறது. ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுமே, அதே சங்கதிதான். கடைசிக் குழாய் இந்த உப்புப் பகுதி வழியாகத்தான் இறங்குகிறது. வெயிலில் அலைந்து ரத்தத்தில் தண்ணீர் குறைந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி ஏடிஎச் என்ற ஹார்மோனை விடுகிறது. உடனே அந்தக் குழாயின் சுவரில் தண்ணீருக்கு வழி திறந்து, தண்ணீர் உப்பை நோக்கி வெளியேறி ரத்தத்தில் சேரும். சித்திரை வெயிலில் சிறுநீர் அடர் மஞ்சளாவது இதனால்தான். மிஞ்சிய பொட்டாசியம், அமிலம், சில மருந்துகள் ஆகியவற்றைக் குழாய்ச் சுவரே உள்ளே சேர்த்துவிடுவதும் உண்டு.

சர்க்கரையைத் திருப்பி எடுப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் அது ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் எடுத்தது போக மீதி சிறுநீரில் வழியும், தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு. அப்பா ராத்திரியில் நாலு தடவை எழுந்ததற்குக் காரணம் அதுதான்.

போன வருடம் மருத்துவர் அவருக்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதினார். அடுத்த சீட்டில் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள், சிறுநீரில் மட்டும் சர்க்கரை மூன்று பிளஸ். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா பயந்துவிட்டார். சர்க்கரையைத் திருப்பி எடுக்கும் வாசலைப் பாதி அடைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை, சல்லடை மேலுள்ள அழுத்தமும் அதனால் குறையும் என்று ஒரு தாளில் குழாயை வரைந்து காட்டினேன். அந்தத் தாளை மடித்து மருந்து டப்பாவில் வைத்திருக்கிறார்.