கடலோர ஊர்களில் கேமிங் கணினி: கேள்வி பதில்

கேள்வி: தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. கணினி அசெம்பிள் செய்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால் ரேமை (நினைவகப் பலகையை) கழற்றி மாட்டினால்தான் சில நாள் ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டின் திருகுகளும் துருவேறிவிட்டன. உப்புக்காற்றுதான் காரணமா, ஐயா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அநேகமாக அதுதான். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு தூசியோடு சேர்ந்து கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரைத் தானாகவே இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையோரத்தில் மழைக்கால இரவுகள் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுகின்றன. அவ்வாறு உண்டாகும் மெல்லிய உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் சூடாக இருப்பதால் ஈரம் அதிகம் தங்குவதில்லை. மாதக்கணக்கில் அணைத்து வைக்கப்படும் கணினிதான் விரைவில் கெடுகிறது. ஆகவே தேர்வுக் காலத்தில் விளையாடாவிட்டாலும் வாரம் ஓரிரு முறை அதை ஓடவிடுங்கள்.

ரேமின் பொன்முலாம் பூசிய விளிம்பை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அது முலாமையே தேய்த்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உப்பு அவ்வளவாகக் கரையாது. எனவே கழற்றிய ரேமின் விளிம்பை முதலில் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த, நூல் உதிராத துணியாலும், பிறகு 99 சதவீத ஆல்கஹாலாலும் துடைத்து, நன்கு உலர்ந்த பின்பே மாட்ட வேண்டும். விளிம்பில் பச்சை நிறம் தெரிந்தால் முலாம் போய்ச் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரேமை மாற்றுவதே நல்லது. கேபினெட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறையால் மூடவும் வேண்டாம்.

கேள்வி: லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

பதில்: மானிட்டரைக் குறை சொல்லும் முன் விண்டோஸின் மேம்பட்ட டிஸ்பிளே அமைப்பைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே 60 ஹெர்ட்ஸே தேர்வாகியிருக்கும். அடுத்து, கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயன்றால் டிஸ்பிளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது, 144-இல் 6.9 மில்லிவிநாடிதான். ஆனால் உங்கள் கார்டு விநாடிக்கு 50 பிரேம், அதாவது 50 படம்தான் தருகிறது என்றால் மானிட்டரின் வேகம் வீணாகவே கிடக்கும். அப்படியானால் விளையாட்டின் அமைப்பில் நிழல்களின் தரத்தைக் குறைத்து, கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையைப் புதுப்பிக்கும் ஃபிரீசிங்க் வசதி மானிட்டரில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் நொடியில் என் கணினி அணைந்து மீண்டும் தொடங்குகிறது. சில சமயம் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்றும் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கெட்டுவிட்டதா?

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள், இரண்டாவதை முதலில் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் எர்த் இல்லாவிட்டாலோ, மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகியிருந்தாலோ, அவற்றின் வழியே கசியும் மின்சாரம் கேபினெட்டின் உலோகத்திலேயே நின்றுவிடும். நீங்கள் உணரும் மின்னோட்டம் மிகச் சிறியதுதான் என்றாலும், உள்ளே வேறு பழுது நேர்ந்தால் காப்பாற்ற வேண்டிய வழியே அங்கு இல்லை என்பதற்கு அது அடையாளம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யும் வரை அந்தக் கணினியில் விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதற்கு வருகிறேன். தரமான எஸ்எம்பிஎஸ் மின்சாரம் இல்லாமல் ஏறத்தாழ 16 மில்லிவிநாடி தாங்கும். பல இன்வெர்ட்டர்கள் சாதாரண நிலையில் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் என்று குறித்த சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அப்போதும் அணைந்தால், சைன் வேவ் (வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை) தரும் யூபிஎஸ் ஒன்றைக் கணினிக்கென்று தனியாக வைக்க வேண்டும். யூபிஎஸ் இருக்கிறது என்பதற்காக மின்வெட்டிலும் விளையாடிக்கொண்டிருப்பது முறையல்ல. சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கே அந்த அவகாசம்.

கேள்வி: முத்தியால்பேட்டை. ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸரில் விண்டோஸ் 10 ஓடுகிறது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாமா?

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம்பெறுகின்றன. ஆகவே உங்களுடையது அதில் இருக்காது. நீங்கள் விளையாடுபவை ஸ்டீமில் (வால்வ் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக் கடை) வாங்கித் தனியாக விளையாடும் விளையாட்டுகள் என்றால் தயங்காமல் லினக்ஸுக்கு மாறலாம். வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளுள் பெரும்பகுதியை அங்கே ஓட வைக்கிறது. வாலரன்ட், ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டுகள் இரண்டும் லினக்ஸில் ஓடுவதில்லை. தடுப்பது அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான், உங்கள் கணினியின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நண்பர்களோடு வாலரன்ட் ஆடுவதுதான் முக்கியம் என்றால் விண்டோஸ் 11-க்குப் போவதற்காக மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றப் பணம் சேருங்கள். கிராபிக்ஸ் கார்டு அதுவரை பொறுக்கட்டும்.

கேள்வி: இருட்டறையில் விளையாடுகிறேன். மானிட்டரில் ஐபிஎஸ் வகைத் திரை நல்லதா, விஏ வகைத் திரை நல்லதா?

பதில்: இருட்டறைக்கு விஏ. அதன் கறுப்பு ஆழமானது. ஆனால் விலை குறைந்த விஏ திரைகளில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது நிழல் போன்ற தடம் தெரியும். வேகமான சண்டை விளையாட்டுகளே உங்கள் விருப்பம் என்றால் ஐபிஎஸ் வாங்குங்கள்.

கேள்வி: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. கேபினெட் தரையில்தான் இருக்கிறது. அடுத்த புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கேபினெட்டை இன்றே மேசைமீது ஏற்றிவிடுங்கள், ஸ்பைக் பஸ்டரும் தரையில் கிடக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் மின் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். எப்போதாவது தண்ணீர் உள்ளே போய்விட்டால், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று பவர் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். நனைந்த பலகை சுத்தம் செய்து உலர்த்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்துவிட்டால் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடும். நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் உலர்த்திப் பயன்படுத்த முயலாமல் புதிதாக வாங்குங்கள்.