காற்றோட்ட ஜம்போ பை: ஒரே அளவுக்கு மூன்று விலை சொல்வது ஏன்?

கேள்வி: "கேரளாவுக்கு வெங்காயம் அனுப்ப, காற்றோட்டமுள்ள ஜம்போ பை வாங்கப் பார்க்கிறேன். 90-க்கு 90-க்கு 120 செ.மீ. என்று ஒரே அளவைச் சொல்லிக் கேட்டாலும் மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள். விலை எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?"

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் பக்கம் பல்லாரியும் (பெரிய வெங்காயம்) உரித்த தேங்காயும் ஏற்றுகிற ஒரு கிட்டங்கியில் கொள்முதல் பார்க்கிறேன். ஃபோர்க்லிஃப்டோ கிரேனோ வைத்துத் தூக்குகிற இந்தப் பெரிய ஜம்போ பைகளை வாங்குவதும் என் பொறுப்புதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று பேரிடமும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பை எத்தனை கிராம்?" விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே வெளுத்துவிடும். பையை எண்ணிக்கையில் விற்றாலும் இந்தத் தொழிலில் கணக்குப் போடுவது கிலோவில். பாலிப்ரொப்பிலீன் குருணையை உருக்கி, தாளாக இழுத்து, நாடா நாடாகக் கீறி, அந்த நாடாவைத் தறியில் நெய்கிறார்கள். அடக்கவிலையில் பாதிக்கு மேல் குருணைக்கே போய்விடும். கச்சா எண்ணெய் ஏறினால் குருணை ஏறும், இறங்கினால் கொஞ்சம் தாமதமாக இறங்கும். அதனால்தான் பை வியாபாரிகள் தரும் விலைப்புள்ளி பத்து நாளுக்கு மேல் செல்லுபடியாகாது. போன மாத விலையையும் இந்த வார விலையையும் பக்கத்தில் வைத்து ஒருவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

உங்கள் அளவுக்கே கணக்குப் போடுவோம். நான்கு பக்கத்துக்கும் 4.32 சதுர மீட்டர், அடிக்கு 0.81. தையல் மடிப்பை விட்டுவிட்டால் மொத்தம் 5.1 சதுர மீட்டர் சொச்சம். துணி 180 ஜிஎஸ்எம் என்றால், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால், துணி மட்டும் 920 கிராம் வரும். 150 ஜிஎஸ்எம் என்றால் 770 கிராம். பையைத் தூக்க மாட்டும் காது, விளிம்புப் பட்டை, நூல் எல்லாம் தனி. குருணை கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், அந்த 150 கிராமுக்கு 15 ரூபாய் குருணையிலேயே வித்தியாசப்படுகிறது. நெசவுக்கூலி, கழிவு, லாபம், வரி எல்லாம் அதன் தலையில் ஏறும். அளவு ஒன்றாகவே இருந்தும் விலை ஏன் மாறுகிறது என்பதற்கு முதல் காரணம் இது.

எடை மட்டும் பார்த்தாலும் ஏமாற இடமிருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குருணையோடு கால்சியம் கலப்பார்கள். நாடா கீறும்போது நார் நாராகப் பிரியாமல் இருக்கக் கொஞ்சம் வேண்டும்தான், அதில் தவறில்லை. அளவு மீறும்போதுதான் கெடுதல். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது, கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு கனம். ஆகவே கால்சியம் கூடக் கூட, தராசில் ஜிஎஸ்எம் அப்படியே நிற்கும், ஆனால் இழுவைக்குத் தாங்குகிற பிளாஸ்டிக் குறைந்துகொண்டே போகும். விலையும் குறையும். சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. துணியிலிருந்து ஒரு நாடாவை உருவி, வெளியிடத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். நல்ல சரக்கு உருகிச் சொட்டும், மெழுகுவர்த்தி அணைத்த வாசம் வரும், மிச்சம் பெரிதாக இருக்காது. கால்சியம் நிறைய இருந்தால் வெள்ளைச் சாம்பல் நிற்கும். நாடாவை நகத்தால் மடித்துத் தேய்த்தால் மாவாக ஒட்டுவதும் அதே கதைதான். மறுசுழற்சிக் குருணை கலந்த பையும் மலிவாகத்தான் வரும். சாப்பிடுகிற பொருளுக்கு அதை நான் வாங்குவதில்லை.

அடுத்தது காற்றோட்டம். "ஓட்டையான துணிதானே, பிளாஸ்டிக் குறைவு, விலையும் குறையணுமே" என்று எங்கள் பக்கத்து வியாபாரிகள் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தறியில் நடப்பது வேறு. நீளவாக்கில் சில நாடாக்களை விட்டுவிட்டு நெய்தால்தான் இடைவெளி கிடைக்கும். விட்ட நாடா சுமக்க வேண்டிய பாரத்தைப் பக்கத்து நாடாக்கள் சுமக்க வேண்டும், அதனால் அவற்றைத் தடிமனாக இழுக்கிறார்கள், அல்லது நெருக்கிக் கட்டாக வைக்கிறார்கள். இடைவெளி உள்ள நெசவு விலகி நகரும் என்பதால் தறியின் வேகத்தையும் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கும். தையலிலும் செலவு உண்டு. கண்ணி, அதாவது அந்த இடைவெளி, விழுந்த இடத்தில் ஊசி போட்டால் பாரம் ஏறியதும் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். காது தைக்கும் இடத்திலும் வாய் விளிம்பிலும் அடர்த்தியான துணி அமைய வேண்டும். அதற்கேற்றபடி வெட்டும்போது கழிவு கூடும். இப்படி, எடை குறைந்தும் கிலோவுக்கான விலை கூடுகிறது.

நான்கு பக்கமும் காற்றோட்டம் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நல்ல பணம் மிச்சமாகும். செங்கோட்டையிலிருந்து கொல்லம் 100 கிலோமீட்டர் அளவுதான். காய்ந்த பல்லாரியை மாலையில் ஏற்றி, மறுநாள் காலையில் பையைக் கவிழ்த்துவிடுகிறார்கள் என்றால் இரண்டு பக்கம் கண்ணிப் பட்டை வைத்த பை போதும். அங்கே கிட்டங்கியில் பையோடு பத்து, பதினைந்து நாள் வைத்திருப்பார்கள் என்றால் நான்கு பக்கமும் வேண்டும், அடியும் கண்ணியாக இருந்தால் நல்லது, கீழே மரப்பலகைச் சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். வெங்காயம் பறித்த பிறகும் மூச்சுவிடுகிற பொருள். சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடும். அரை டன் குவியலின் நடுவில் அந்த ஈரம் தேங்கினால் கரும்பூசணம் பிடிக்கும். ஜூனில் சாரல் தொடங்கிய பிறகு இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். புளியரை தாண்டி மலை ஏறினாலே காற்றில் ஈரம் கையில் தெரியும். அந்த நாட்களில் தார்ப்பாய் முழுக்க மூடிப் போகிற லாரிக்குள் எவ்வளவு விலையுள்ள கண்ணிப் பை இருந்தாலும் பலன் பாதிதான், பக்கவாட்டில் காற்று வர வழி விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "1 டன் பை" என்று விற்கும் பையில் 1 டன் வெங்காயம் கொள்ளாது. நீங்கள் சொன்ன அளவின் கொள்ளளவு ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெங்காயம் அதில் 550 கிலோ சுமாருக்குத்தான் பிடிக்கும், உரித்த தேங்காய் இன்னும் குறைவு. மணலும் உரமும் அடைக்கிற கணக்கில் சொல்லப்பட்ட டன் அது. இதனால் இரண்டு விஷயம். ஒன்று, டன்னுக்கு ஒரு பை என்று செலவு போட்டிருந்தால் திருத்தி, இரண்டு பை என்று போடுங்கள். இன்னொன்று, 1000 கிலோ தாங்கும் பைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, 750 கிலோ என்று கேட்டாலே துணியும் காதும் லேசாகி விலை இறங்கும். உயரத்தைக் கூட்டி 1 டன்னை அடைத்துவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். அடியில் கிடக்கும் வெங்காயம் நசுங்கும், செய்யாதீர்கள்.

பாரம் தாங்குவதில் பாதுகாப்பு மடங்கு என்று ஒன்று உண்டு. ஜம்போ பைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 21898-ன்படி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பை சொன்ன பாரத்தைப்போல் 5 மடங்கைச் சோதனையில் தாங்க வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பை 6 மடங்கு, கனரக வகை 8 மடங்கு. மடங்கு ஏறினால் விலை ஏறும். பை திரும்பி வருமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். போன லாரி காலிப் பையைக் கொண்டுவரும் என்று உறுதியிருந்தால் 6 மடங்குப் பைதான் கடைசியில் லாபம். திரும்பாது என்றால் 5 போதும். இதற்குக் கீழே எந்த விலைக்கும் போகாதீர்கள். காது அறுந்து விழுந்தால் கீழே நிற்பது நம் ஆள்.

அதே காரணத்தால் பழைய பை விஷயத்திலும் கண்டிப்பாக இருக்கிறேன். உரமோ ரசாயனமோ வந்த ஜம்போ பைகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். காற்றுக்காகச் சூட்டுக்கம்பியால் ஓட்டை போட்டுத் தருவார்கள். அப்படிப் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் பாரம் தாங்கும் நாடாவை அறுத்துவிடுகிறது. முன்பு உள்ளே என்ன இருந்தது என்றும் யாருக்கும் தெரியாது. வெங்காயத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பையை வெயிலில் வைக்கிற வழக்கம் உண்டென்றால் யூவி மருந்து (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க வைப்பது) சேர்த்த துணி கேளுங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் நாடா பொடியும். அடிப்பக்கம் குழாய் வாய் வைத்தால் செலவு கூடும், அந்தச் சின்ன வாயில் வெங்காயம் சிக்கவும் செய்யும். முழுதாகத் திறக்கும் அடி நல்லது, ஆனால் விலை அதிகம். கவிழ்த்துக் கொட்டுகிற இடமென்றால் சாதாரணத் தட்டை அடியே போதும். கண்ணித் துணியில் அச்சு நிற்காது, பெயர் போட வேண்டுமென்றால் தனியாக ஒரு துண்டு தைப்பார்கள். அது இல்லாமலும் வியாபாரம் நடக்கும். நெய்த பாலிப்ரொப்பிலீன் பைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஆனது, சொல்லும் விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த எண்ணிக்கைக்குத் தறியை மாற்றிக் கட்ட யாரும் விரும்ப மாட்டார்கள், சில நூறு பைதான் வேண்டும் என்றால் அவர்களிடம் ஓடுகிற அளவிலேயே ஒன்றை எடுத்துக்கொள்வது மலிவு.

இனி, பை விற்கிறவர் சொல்லாத செலவு ஒன்று. ஜம்போ பையை ஃபோர்க்லிஃப்ட் அல்லது கிரேன்தான் தூக்கும். கேரளத்துக் கடைவீதிச் சந்தைகளில் இறக்குவது சுமைத் தொழிலாளர்கள். அங்கே 1978-ல் வந்த சுமைத் தொழிலாளர் சட்டப்படி வேலையும் கூலியும் வட்டாரவாரியாக ஒழுங்குபட்டிருக்கிறது, ஒருவர் தலையில் ஏற்றும் பாரத்துக்கும் 55 கிலோ என்று வரம்பு உண்டு. அந்தச் சந்தைக்கு அரை டன் பையை அனுப்பினால், லாரியிலேயே பையைக் கிழித்துச் சாக்கில் மாற்றித்தான் இறக்க முடியும். பைக்கும் காசு, மாற்றுவதற்கும் கூலி, வெங்காயத்துக்கும் அடி. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசே தடை செய்துவிட்டது, ஆனால் இது உண்மையாகச் செய்த வேலைக்கான கூலி, கொடுக்கத்தான் வேண்டும். கொல்லத்தில் ஒரு கடைக்காரர் போனில் என்னிடம் சொன்னது இது: "அண்ணாச்சி, பை நல்ல பைதான். இங்க தூக்க ஆளு இல்லையே." அதற்குப் பிறகு சந்தைக்குப் போகும் சரக்கை 50 கிலோ வலைப்பையில்தான் ஏற்றுகிறோம். ஊறுகாய், மசாலா, எண்ணெய் ஆலைகள் மாதிரி ஃபோர்க்லிஃப்ட் வைத்திருக்கும் இடங்களுக்கு மட்டும்தான் ஜம்போ. அங்கே அது உண்மையாகவே மிச்சம் பிடிக்கிறது, ஏற்றவும் இறக்கவும் ஆகும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது.

உங்கள் சரக்கு எங்கே இறங்குகிறது என்று கேள்வியில் இல்லை. சந்தைக்கென்றால் இந்த மூன்று விலையையும் ஒதுக்கிவிட்டு வலைப்பைக்கு விலை கேளுங்கள். ஆலைக்கென்றால் மூவரிடமும் ஆளுக்கொரு மாதிரிப் பை காசு கொடுத்தாவது வாங்குங்கள். எடை போட்டு, நாடாவைக் கொளுத்திப் பார்த்து, வெங்காயத்தை நிரப்பி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, காது தைத்த இடத்தில் நூல் விலகுகிறதா என்று பாருங்கள். ஓணத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் பை தேடுவார்கள், ஆர்டரை அதற்கு ஒன்றரை மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.